கூடவரேன் மாமாவும் முதலை வயிறும்

கல்கத்தாவில் கூடவரேன் மாமா போகாத இடம் கிடையாது. ஆனால் எந்த இடத்துக்கும் அவராகப் போனதும் கிடையாது.

பவானிபூரில் எங்கள் பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருந்தார். ஏதோ ஒரு சணல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மாமி காலமாகிவிட்டாள். ஒரே பிள்ளை கோயம்புத்தூரில். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்குக் கட்டாயம் இருந்திருக்கும். அது கரண்ட் பில்லுக்கு மட்டும்தான் தெரியும். கட்டடத்தில் தமிழர், வங்காளி, மார்வாடி எல்லோருக்கும் அவர் கூடவரேன் மாமாதான்.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறே?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவர் முறைத்துக்கொண்டே திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புவார். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதவர்கள் "தூரமா?" என்று நாசூக்காகக் கேட்பார்கள். மாமா அதையும் கேட்க மாட்டார். சாஸ்திரம் என்றால் சாஸ்திரம். ஆனால் ஆசை விடுமா? கேட்காமலே தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே வழி கூடவே போவதுதான்.

"கூட வரேன்" என்பார். அதற்குள் செருப்பு காலில் ஏறியிருக்கும். "வேண்டாம் மாமா" என்றும் சொல்ல முடியாது. கிளம்புகிற நேரத்தில் "வேண்டாம்", "இல்லை" என்று வாயில் வரக்கூடாது என்பதும் அதே சாஸ்திரம்தான். ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் மாமா.

எங்கே போகிறோம் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் தயாராகப் போவார். தோளில் ஒரு துணிப்பை தொங்கும். கோயிலாக இருந்தால் விபூதி, கல்யாணமாக இருந்தால் ஜரிகை வேஷ்டி அங்கவஸ்திரமும் கலர் காகிதம் சுற்றிய ஒரு பரிசுப் பொட்டலமும், ஆஸ்பத்திரியாக இருந்தால் கமலா ஆரஞ்சு, துக்கமாக இருந்தால் ஒரு துண்டு, எதுவாக இருந்தாலும் தயிர்சாதம். பால் வாங்கக் கீழே இறங்கும்போதும் பை தோளில்தான். திரும்பி வருகிற வழியில் யாராவது கிளம்பினால்?

மூன்றாம் மாடி பாங்க் ஆபீசர் பெண் பார்க்கப் போனபோது மாமாவும் போனார். பெண் வீட்டார் அவரைப் பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்து நடுவில் உட்கார வைத்தார்கள். ஜாம்ஷெட்பூரிலிருந்து நேரே வந்து சேர்ந்த பிள்ளையின் அப்பா, அந்த உபசாரத்தைப் பார்த்துப் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்தார். சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு மாமா, "எனக்குப் பரம திருப்தி" என்றார். பஜ்ஜியைத்தான் சொன்னார். பெரியவரே சொல்லிவிட்டார் என்று அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். அந்தத் தம்பதி சௌக்கியமாக இருக்கிறார்கள்.

கீழ் வீட்டு வங்காளிப் பேராசிரியர் வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குப் போனார். மாமாவும் போனார். வரிசையில் நின்றதால் அவரிடமும் ரத்தம் எடுத்துவிட்டார்கள். தினம் ரசகுல்லா சாப்பிடுகிற பேராசிரியருக்குச் சர்க்கரை இல்லை, மாமாவுக்கு இருந்தது. இன்னொரு தடவை, ஊருக்குப் போகிறவர்களோடு ஹவுரா ஸ்டேஷன் வரை போனவர், மெயிலில் ஏறிப் பெட்டிகளைச் சீட்டுக்கடியில் தள்ளிக்கொண்டிருக்கையில் வண்டி கிளம்பிவிட்டது. கரக்பூரில் இறங்கித் திரும்பி வந்து, "காப்பி சுமார்தான்" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிக் கட்டடமே சிரிக்கும். என்னால் மட்டும் முடியாது. காரணத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். பொறாமை. நல்ல, முற்றின வயிற்றெரிச்சல்.

வாராவாரம் உங்களுக்காக ஹாஸ்யம் எழுதுகிறவன் நான். நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று பத்திரிகை ஆசிரியர் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கையில் நானாக மண்ணைப் போடப் போவதில்லை. ஆனால் என் மகள் மிமி என்னுடைய ஒரு ஜோக்குக்கும், நான் சொல்லப்போகிற அந்த நாள் வரை, சிரித்ததில்லை. அப்போது ஏழு வயது. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. சண்டை போடுவதும் தூக்கத்தில் உளறுவதும் வங்காளத்தில். அதனால் எழுதியதை நானே ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவேன். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்து "ஷேஷ்?" என்பாள். "முடிஞ்சுதா?" என்று அர்த்தம்.

அதே மிமி, கூடவரேன் மாமா மாடிப்படியில் ஒற்றைச் செருப்பைத் தேடினால் விக்கல் எடுக்கிறவரை சிரிப்பாள். மாமாதாது, மாமாதாது என்று காலையே கட்டிக்கொள்வாள். தமிழ் மாமாவையும் வங்காளத் தாத்தாவையும் சேர்த்து அவளே செய்த உறவு அது. எனக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லை. நான் வெறும் அப்பா. செருப்பைத் தேடுவதில் என்ன சார் ஹாஸ்யம்? நானும் தேடிப் பார்த்தேன். நானே ஒளித்து வைத்துவிட்டு, குனிந்து, நிமிர்ந்து, தலையில் இடித்துக்கொண்டு தேடினேன். "கதவுக்குப் பின்னாடி இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதனால்தான் அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமைத் திட்டம். ராஜர்ஹாட் தாண்டி ஒரு கேளிக்கைப் பூங்கா. அதில் எல்லாமே மிருகம். டிக்கெட் வாங்குவது சிங்கத்தின் வாயில், சறுக்குவது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில், கை கழுவுவது யானைத் தும்பிக்கையில். நான், மனைவி ராஜி, மிமி மூன்றே பேர். மாமா கிடையாது. சாயங்காலம் திரும்புவதற்குள் என் பெண்ணை நான் ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும். பெரிய சிரிப்பெல்லாம் கேட்கவில்லை. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. மிச்சம் இருக்கிற பல் தெரிந்தால் போதும்.

விடிந்ததும் விடியாததுமாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினோம்.

"அப்பா, நாம ஏன் சோர் மாதிரி போறோம்?" என்று மிமி கட்டடத்துக்கே கேட்கும்படி கேட்டாள். சோர் என்றால் திருடன்.

"உஷ்!"

முதல் மாடி தாண்டிவிட்டது. கதவு திறக்கவில்லை. ஜெயித்தோம் என்று வாசலுக்கு வந்தால், எதிரே குரங்குக் குல்லாவும் பால் பாக்கெட்டுமாக மாமா உள்ளே வந்துகொண்டிருக்கிறார். எங்கள் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கெளம்பியாச்சா? பேஷ். கூட வரேன்."

"மாமா, கையில பால்..."

"அதுவும் வரட்டுமே அம்பி" என்று பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காத்திருந்த வாடகைக் காரில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மிமி மட்டுமில்லை, ராஜிக்கும் ஒரே சந்தோஷம். "பெரியவர், வரட்டும்னா. ஆத்துல தனியா என்ன பண்ணப்போறார்?" என்றாள். எங்கே போகிறோம் என்று மாமாவிடம் சொல்லக்கூடாது என்று மிமி எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அங்கே ஆரம்பித்தது.

காளிகாட்டை நெருங்கினோம். கோயில்தான் என்று முடிவு கட்டி மாமா குல்லாவைக் கழற்றி, விபூதி இட்டுக்கொண்டு, கண்ணை மூடினார். கார் இடது பக்கம் திரும்பிவிட்டது. குல்லாவைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் சாமந்திப்பூ வளைவு கட்டிய கல்யாண மண்டபம். விபூதியைக் கலைத்துக்கொள்ளாமல் அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்துத் தோளில் போட்டு, பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கிற முடியைச் சீவினார். மண்டபமும் போய்விட்டது. அப்புறம் பைபாஸ் ரோடு. உங்களில் கல்கத்தாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வரிசையாக ஆஸ்பத்திரிகள். ஒவ்வொரு ஆஸ்பத்திரி வரும்போதும் மாமா ஆரஞ்சைக் கையில் எடுத்து, முகத்தைத் தொங்கப் போட்டு, "எல்லாம் சரியாயிடும்" என்று மெல்லிய குரலில் சொல்லிப் பழகிக்கொள்வார். தாண்டியதும் முகம் நிமிரும். அடுத்த ஆஸ்பத்திரி வரும். முகம் தொங்கும்.

மிமி சீட்டிலிருந்து வழுக்கிக் கீழேயே விழுந்துவிட்டாள். விக்கல் ஆரம்பித்தாயிற்று. ராஜி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இதுதான் சமயம், சூடு ஆறுவதற்குள் என்று நானும் ஒரு ஜோக் சொன்னேன். டிரைவர் ரேடியோவைப் போட்டார்.

பூங்கா வாசலில் பையைச் சோதித்தார்கள். "தாது, வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டோம்" என்று காவலாளி வங்காளத்தில் சொன்னார். அதனாலென்ன என்று மாமா தயிர்சாதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, ஊறுகாய் உண்டா என்று சைகையில் கேட்டார். உண்டு. பால் பாக்கெட் வாசல் பூனைக்குப் போயிற்று. ஆரஞ்சு மட்டும் நோயாளிக்கு என்று சொல்லி உள்ளே போய்விட்டது. எந்த நோயாளி என்று காவலாளி கேட்டபோது மாமா என்னைக் காட்டினார். அப்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தப் பூங்காவைக் கட்டிய மனிதன் போன ஜன்மத்தில் என் பங்காளியாக இருந்திருக்க வேண்டும். எந்த மிருகத்தில் ஏறினாலும் இரண்டே இடம். முயல் ராட்டினத்தில் இரண்டு, வரிக்குதிரை ரயிலில் பெட்டிக்கு இரண்டு, கங்காரு வயிற்றில்கூட இரண்டு. ஒவ்வொரு தடவையும் "மாமாதாது!" என்று ஒரு கூவல். அவர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறிவிடுவார். நான் அவருடைய துணிப்பையைச் சுமந்துகொண்டு கீழே நிற்பேன். ராட்டினம் சுற்றிச் சுற்றி வர, ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள்.

ராஜி வெயிலில் பெஞ்சுமேல் உட்கார்ந்து நோயாளியின் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, மூஞ்சி ஏன் அந்தக் கரடியாட்டம் இருக்கு?"

"எனக்கென்ன பொறாமையா?"

"நான் கரடின்னுதானே சொன்னேன்?" என்று ஒரு சுளையை நீட்டினாள்.

அவள் சொன்ன கரடி எதிரே இருந்தது. கரடி வேஷம் போட்ட ஆள் ஒருவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தான். சுற்றிலும் குழந்தைகள். மிமி ராட்டினத்திலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் நான் பையை வைத்துவிட்டுக் கரடியோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தேன். எனக்கு ஆட வராது. வராததுதானே வேடிக்கை என்று இடுப்பை வளைத்தேன். மிமி ஓடி வந்து என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ஷோபாய் தேக்சே! எல்லாரும் பாக்கறா!" அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாட்டு நின்றதும் கரடி என் முதுகில் ஆறுதலாகத் தட்டிக் கொடுத்தது.

கடைசியில் முதலை வயிறு. பெரிய ஃபைபர் முதலை, உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் கால்வாய். படகு வாய்க்குள் நுழைந்து வால் பக்கம் வெளியே வரும். படகுக்கு எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மிமி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளைத் தூக்கி உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமா பின்னால் வந்த படகில் தனியாக ஏறினார். தண்ணீரில் விழுந்துவிடும் என்று போனையெல்லாம் ராஜியிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

உள்ளே சிவப்பு விளக்கு, முதலைக்கு வயிறு கடமுடா என்கிற சத்தம். பாதி தூரம் போனதும் லோட்ஷெடிங். விளக்கு போயிற்று, சத்தம் போயிற்று, படகு நின்றது. கண்ணுக்கு எதிரே விரலை ஆட்டினாலும் தெரியாத இருட்டு. மிமி "மா!" என்று அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பெண், என் கழுத்து, மாமா குறுக்கே இல்லை. என் கையிருப்பிலேயே உயர்ந்த ஜோக்கை எடுத்து, அவசரப்படாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இருட்டில் அழுகைக்கு நடுவே ஒரு சின்னக் குரல்: "ஷேஷ்?"

அப்போது பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. மாமாவுடையது என்று முதலில் எனக்குத் தெரியவே இல்லை.

"அம்பி... இருக்கேளா?"

"இருக்கோம் மாமா."

"பேசிண்டே இரு. நிறுத்தாதே."

"என்ன மாமா, என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணலை. எனக்குத் தனியா இருந்தா ஆகாது, அம்பி. மாமி போனதுலேர்ந்து இப்படித்தான். ஆத்துல ரேடியோவை நிறுத்தாமத்தான் தூங்கறேன்." பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது கேட்டது.

இத்தனை வருஷம், எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் வருகிறார் என்று கட்டடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தோம். மிமியின் அழுகை பட்டென்று நின்றுவிட்டது.

"அப்பா, மாமாதாது பயப்படறா. சொலோ. போலாம்."

அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். ஜனவரித் தண்ணீர், உயிர் உச்சந்தலைக்குப் போய் வந்தது. "இதோ கூட வரேன் மாமா" என்று சத்தம் போட்டேன். முதலையின் விலாவைத் தடவித் தடவி நடந்து, மாமாவின் படகு கையில் தட்டுப்பட்ட சமயம், காலடியில் பாசி. வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றித் தொப்பென்று உட்கார்ந்தேன். மிமியை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். அவள் பாவாடை நுனிகூட நனையவில்லை.

அந்த நிமிஷம் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த குட்டி முதலை ஒன்று, வருகிற படகுக்கெல்லாம் தண்ணீர் துப்புவதற்காகவே வைத்தது, குறி தவறாமல் என் முகத்தில் துப்பியது. நான் வாயை மூடுவதற்குள் மறுபடி துப்பியது. மாமாவின் படகு நகர்ந்து என் முதுகில் இடித்தது. எழுந்து ஓடினேன். மாமா படகிலிருந்து குனிந்து என் ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. படகு தள்ள, மாமா இழுக்க, தோளில் பெண்ணோடு முதலையின் வால் பக்கமாக வெளியே வந்தேன்.

எங்களுக்கு முன்னால் எங்கள் காலிப் படகு வந்ததைப் பார்த்து ராஜி அதற்குள் பூங்காவையே கூட்டியிருந்தாள். அத்தனை கூட்டத்துக்கும் கேட்கும்படி மிமி தோளிலிருந்து கத்தினாள்.

"அம்மா! முதலை எங்களைக் கக்கா போயிடுத்து!"

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், அது சிரிப்பு. என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் குலுங்கி, விக்கல் எடுத்து, விக்கலுக்கும் சிரித்து. "அப்பா தொப்! அப்பா மேல து! மறுபடி து!" மாமாவைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. திரும்பும்போது மாமாவின் பையிலிருந்த துண்டால் துவட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வைத்திருந்த ஜரிகை வேஷ்டியைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை போல் காரில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை மாமா முன் சீட்டில் ஏறவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, வேஷ்டி நுனியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். நானும் காலை அசைக்காமல் வந்தேன்.

அதற்காகப் போட்டி ஓய்ந்துவிடவில்லை. மறுநாளே மாமா படியில் செருப்பைத் தேடினார், மிமி விழுந்து விழுந்து சிரித்தாள், எனக்கு வயிறு எரிந்தது. என்ன, அதற்குப் பிறகு நான் சிகரெட் வாங்க முக்குக்கடைக்குப் போனாலும் முதல் மாடியில் நின்று ஒரு தடவை செருமுவேன். சில நாள் கிளம்புகிற உத்தேசமே இருக்காது, இருந்தாலும் செருமுவேன்.

போன வருஷம் பிள்ளை வந்து அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது களத்தில் நான் ஒருவன்தான். என் ஜோக்குக்கு மிமி சில சமயம் சிரிக்கிறாள், பாதி மரியாதைக்கு. ஜெயித்த மாதிரியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா போனில் முகம் காட்டுவார். போன வாரம் எதிர் ஃபிளாட்காரர்கள் காலையில் ஒரு வேனில் ஏறினார்களாம். இவரும் ஏறியிருக்கிறார். ஊட்டியில் போய்த்தான் இறங்கினாராம். "அவாத்துப் பையன் வழியெல்லாம் ஒரே சிரிப்பு, அம்பி. என் கையை விடவே இல்லை" என்றார். மிமி சிரித்தாள். ராஜியும் சிரித்தாள். நான் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

யார் இந்தப் பையன்? இவர்கள் யார்? முன்னே பின்னே பார்த்திராத அந்தக் கோயம்புத்தூர்க்காரர்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடுத்து வைத்தவர்கள். கதவைத் திறந்தால் மாமா நிற்கிறார்.